குளிர்சக்தி டானிக் பெண்கள்

ஏப்ரல் 6

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடாதே. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் அல்லவா? அந்த நாலு வரிக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன். அப்பா சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிப்பதில்லை.

வெயில் ஆரம்பித்ததிலிருந்தே இப்படித்தான். காலையில் ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய். நாக்கு காய்ந்து பேச்சே குழறுகிறது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "வயசானவரு. இந்த வெயில்ல தண்ணி இறங்கலைன்னா சிக்கல்தாம்மா. பேசாம ஆஸ்பத்திரியில சேத்துடுங்க" என்றார். இவரா வருவார்? கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறார். என் வீட்டுக்காரர் தூக்கப் போனார். பஸ் ஓட்டுகிற கை அது, முரட்டுக் கை. அதையே கடிக்க வந்துவிட்டார்.

நேற்று நான் அழுதே விட்டேன். "உங்களுக்கு என்னதாம்ப்பா வேணும்?" என்று கேட்டேன். "நம்ம மருந்தைக் குடு" என்றார். நம்ம மருந்தாம்! அவர் காய்ச்சி விற்ற குளிர்சக்தி டானிக்குக்கு இப்போது நான் எங்கே போவேன்? அம்மா போன மறு வாரமே இருந்த பாட்டிலை எல்லாம் அவரேதானே கொல்லையில் கவிழ்த்தார்? கடையாக இருந்த முன்னறையில், நாங்கள் இங்கே குடிவந்ததிலிருந்து என் தையல் மெஷின்தான் இருக்கிறது. ஒரு காலி பாட்டில்கூட மிச்சமில்லை.

எனக்குச் செய்முறை தெரியாது. அடுப்புப் பக்கமே என்னை விட்டதில்லை. நான் வாசலில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்க வேண்டியவள். அப்பாவோடு நின்று கிண்டினவள் நீதான். அவரைக் கேட்டால், "பெரியவளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நீ வர வேண்டாம். வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். எப்படிச் செய்வது என்று மட்டும் எழுது, போதும்.

உன் தங்கை,
பின்


ஏப்ரல் 11

பூசணிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் மேஜையில் கிடந்தது, பிறகு படித்தேன்.

என் வார்டில் இந்த மாதம் வெயில் தாங்காமல் வந்து விழுந்தவர்கள் நிறையப் பேர். நர்சம்மா, நர்சம்மா என்று என் உயிரை வாங்கினார்கள். ஒருவருக்கும் குளிர்சக்தி கொடுக்கவில்லை. எல்லோரும் தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

அது மருந்தே இல்லை. கருக்கின சர்க்கரை, இஞ்சிச் சாறு, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் உப்பு, சிவப்புச் சாயம். அதில் இருந்த சக்தி அவ்வளவுதான். லேபிளில் என்ன எழுதியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 'ஒரு மூடி மருந்தை ஒரு செம்பு நீரில் கலந்து, நிழலில் அமர்ந்து, செம்பு காலியாகும்வரை அருந்தவும்.' வெயிலில் அலைந்து வந்தவன் நிழலில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் தெம்பு வராமல் என்ன செய்யும்? பேர் மட்டும் டானிக்குக்கு.

அதைத்தான் அம்மாவுக்கும் கொடுத்தார். வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவளுக்கு மூன்று நாள் அதையே கொடுத்தார். "வீட்டுல மருந்தை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊர் சிரிக்காதா?" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னாராம். எனக்குத் தகவல் தெரிந்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. நாள்தோறும் யார் யாருக்கோ குளுக்கோஸ் ஏற்றுகிறவள் நான். என் அம்மாவுக்கு ஒரு பாட்டில் ஏற்றக் கொடுத்துவைக்கவில்லை.

உன்மேல் தப்பில்லை. நீயும் அப்போது புகுந்த வீட்டில் இருந்தாய். ஆனால் அந்த மனுஷனை நீ உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாய் பார், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

மேலே எழுதியிருப்பதுதான் செய்முறை. செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம்.

அக்கா

இன்னுமா 'பின்' என்று கையெழுத்துப் போடுகிறாய்? பேத்தி எடுக்கப் போகிற வயசு!


ஏப்ரல் 15

அக்கா,

பதில் போட்டுவிட்டாய்! திட்டித்தான் போட்டிருக்கிறாய், இருந்தாலும் பதில் பதில்தானே. இரண்டு தடவை படித்தேன். அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட்டேன்.

டானிக் செய்தேன். செய்தேன் என்று சொல்லக்கூடாது, சட்டியைப் பாழாக்கினேன். சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் பாகுதான் வந்தது, நிறமே வரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று துணி வெட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வீடெல்லாம் புகை. அடிப்பிடித்ததை வழித்து இஞ்சியைப் பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா நாக்கில் பட்டதுமே துப்பிவிட்டார். "என்னது இது, தார் மாதிரி? இது நம்மது இல்ல." இருமல் அடங்கியதும், "உனக்கு வராது கண்ணு, விடு" என்று என்னையே சமாதானம் செய்கிறார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

'பின்' என்று கையெழுத்துப் போடாமல் வேறு எப்படிப் போடுவது? பள்ளிக்கூடத்தில் டீச்சர்கூட "முன் வந்தாச்சா? பின் எங்கே காணோம்?" என்றுதானே கேட்பார்கள். அந்த லேபிள் என் கண்ணிலேயே நிற்கிறது. இடது பக்கம் நீ. போட்டோ ஸ்டூடியோவில், எலும்பு தெரிய வேண்டும் என்று அம்மாவின் பழைய ரவிக்கையைத் தொளதொளவென்று மாட்டிவிட்டார்கள். கீழே 'முன்'. வலது பக்கம் நான், கன்னம் இரண்டும் உப்பிப் போய், கையில் பாட்டிலோடு. கீழே 'பின்'. ஒரே பெண் என்றுதான் ஊரே நம்பியது. ஒருநாள் கடைக்கு வந்த ஒரு அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "இந்தப் பொண்ணா அந்த நோஞ்சானா இருந்துச்சு?" என்று கேட்டாள். நம் அம்மா கூசாமல், "ஆமாங்க, மூணே பாட்டில்" என்றாள். நீ உள்ளே பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாய்.

அதில் வேடிக்கை, நாம் இரண்டு பேரும் அதை ஒரு மூடிகூடக் குடித்ததில்லை. "விக்கிற சாமான், தொடாதே!"

சரியாக எப்படிக் கருக்குவது என்று எழுது. கொஞ்சம் கோபத்தைக் குறைத்துக்கொண்டு எழுது. அப்பாவின் கண் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

பின்


ஏப்ரல் 21

அடி மக்கு,

சர்க்கரையில் யாராவது முதலில் தண்ணீர் விடுவார்களா? இரும்புச் சட்டியில் வெறும் சர்க்கரையைப் போடு. சின்னத் தீ. கை விடாமல் கிண்டு. உருகும், பழுக்கும், சிவக்கும். சிவந்ததும் ஆசைப்பட்டு இறக்கிவிடாதே. ஓரத்தில் முதல் புகை வர வேண்டும், கண் லேசாகக் கரிக்க வேண்டும். அப்போது வெந்நீரை விடு. பச்சைத் தண்ணீர் விட்டால் மேலே தெறித்துக் கொப்பளித்துவிடும். வெந்நீர் விட்டாலும் சீறும், எட்டி நில்.

எட்டி நில் என்று எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. வெந்நீர் விடுகிற நேரம் அப்பா இடது கையால் என்னைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முன்னால் நின்றுகொள்வார். அவர் முழங்கை வரைக்கும் புள்ளி புள்ளியாகத் தழும்பு இருக்கும். எனக்கு ஒன்றுகூட இல்லை. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

லேபிளைப் பற்றி நீயே ஆரம்பித்தாய், ஆகவே சொல்கிறேன். பிரஸ்காரர் இரண்டு படத்தையும் இடம் மாற்றி அச்சடித்துவிட்ட வருஷம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? குண்டுப் பெண் 'முன்', ஒல்லிப் பெண் 'பின்'. கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறு அச்சுக்கு வழியில்லை, வெயில் காலமோ தலைக்கு மேல் வந்துவிட்டது. சாயங்காலம் வரை அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, "ஊளைச்சதையைக் கரைத்து உடம்பை இறுக்கும்!" என்றார். அதை ஒரு துண்டுச் சீட்டாக அடித்து லேபிளுக்குக் கீழே ஒட்டினோம். அப்பப்பா, அந்த வருஷம் போல எந்த வருஷமும் விற்றதில்லை! எத்தனை குண்டு மனுஷர்கள் வந்தார்கள்!

அந்த ஒரு கோடை முழுக்க நான்தான் பின். வாசலில் எனக்குத்தான் நாற்காலி, எனக்குத்தான் புது ரிப்பன். அப்பா சைக்கிளில் என்னை முன்னால் உட்கார்த்தி வைத்துக் கடை கடையாகக் கூட்டிப் போனார். "பாருங்க, எப்படி சிக்குனு இருக்கா!" ஒல்லிக்குச்சி, நோஞ்சான் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வானத்தில் பறப்பது போல இருந்தது. நீ மஞ்சள் காமாலையோடு உள்ளறையில் அம்மா மடியில் கிடந்தாய். உன்னைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை, போயேன்.

பார்த்துச் செய். கையைச் சுட்டுக்கொள்ளாதே.

முன்


ஏப்ரல் 27

என் முன்னே,

கையெழுத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். மெஷினில் ஊசி உடைந்தது. போகட்டும்.

மடியில் கிடந்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டாய். அந்த உள்ளறை எப்படி இருந்தது, உனக்கென்ன தெரியும்? ஜன்னலைச் சாத்தி, திரையைப் போட்டு, இருமினால்கூட அம்மா வாயைப் பொத்துவாள். குளிர்சக்தி வீட்டுப் பெண்ணே வெயிலில் படுத்துவிட்டாள் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? இளைத்துக் கறுத்துக் கிடந்தேன். வெளியே உன் சிரிப்புச் சத்தம் கேட்கும். 'என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், இனிமேல் என்னை யாருக்கும் வேண்டாம்' என்று நினைத்துக்கொண்டு அழுவேன். கொழுகொழுவென்று இருந்தால்தான் என்னை வீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்று வெகு நாள் நம்பினேன், அக்கா. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய். நான் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நல்ல ஜோடி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. அம்மா என்னைக் கொல்லை வழியாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு நாள் இல்லை, பல நாள். அப்பாவுக்குத் தெரியும். நாங்கள் கொல்லைக் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து, வாசலில் அவர் குரல் பெரிதாகிவிடும். "வாங்க, வாங்க! கோடைக்கு ஒரே மருந்து!" என்று தொண்டை கிழியக் கத்துவார், ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க. அப்போது அவருக்கு எது மருந்து, எது இல்லை என்று தெரிந்துதான் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? அதையே சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரே நம்பிவிட்டாரோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு நீ எழுதின மாதிரியே கிண்டினேன். முதல் புகை, கண் கரிப்பு, வெந்நீர், சீறல், எல்லாம் வந்தது. அந்த வாசனை! நம் பாவாடையில், தலைமுடியில், பாடப் புத்தகத்தில் எல்லாம் இருந்ததே, அதே வாசனை. நான் அடுப்படியில் சட்டியும் கையுமாக நின்று ஏங்கி ஏங்கி அழுதேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவரே எழுந்து உட்கார்ந்திருந்தார். "பெரியவ வந்துட்டாளா?" என்றார்.

இல்லை என்று சொன்னேன். மறுபடியும் படுத்துக்கொண்டார். நாளைக்கு நன்றாக ஆறியதும் கொடுக்கிறேன். இனி குடித்துவிடுவார், எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பின்


மே 2, காலை

அக்கா,

தபாலில் போட நேரமில்லை. என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த டிரைவர் மூலம் உன் ஊர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறார்.

டானிக்கைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார், "இதான்" என்றார். ஒரு மூடி வாங்கி அப்படியே விழுங்கினார். நான் செம்பில் தண்ணீரோடு கலந்து வைத்திருந்ததைத் தள்ளிவிட்டார். "தண்ணி வேணாம்" என்றார். நாலு நாளாக இதே கதைதான். நேற்று பொறுக்காமல், தண்ணீரில்தானே கலக்கணும், லேபிளில் நீங்கள்தானே போட்டீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கம்மாவுக்கு வெறும் மருந்தாத்தான் குடுத்தேன். தண்ணி குடுத்தா வாந்தி எடுக்குறாளேன்னு தண்ணியை நிறுத்திட்டேன். மருந்து உள்ள தங்கினா போதும்னு நெனைச்சேன். தண்ணி தண்ணின்னு கெஞ்சினா. ஒரு வாய் குடுங்கன்னு கையைப் புடிச்சா. குடுக்கலை. அவளுக்கு என்ன குடுத்தேனோ அதான் எனக்கும். அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம்."

இத்தனை நாள் நான் என்னவோ கிழவர் பழைய ருசிக்கு ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கிண்டிக் கிண்டிக் கொடுத்தேனே! அந்தத் தண்டனையை நாமே அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டோமே!

நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை. சிறுநீரும் போகவில்லை. டாக்டர் வந்து ஊசி குத்தினால் பிடுங்கி எறிகிறார். நான் காலில் விழுந்து பார்த்துவிட்டேன். "நீங்க வேணும்னு செய்யலைப்பா, மறந்துடுங்க" என்றால் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

வர வேண்டாம் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். பொய். வா அக்கா. அந்த வாசற்படியைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்து வேண்டுமானாலும் எறிந்துவிடுகிறேன், நீ மிதிக்க வேண்டாம். வா.

பின்


மே 2

பூசணி,

அதே பஸ் திரும்பிப் போகிறது, அதிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். வார்டை ஒப்படைக்காமல் கிளம்ப முடியாது. ஆள் வந்ததும் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

அதுவரை வாயில் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதே, புரை ஏறும். உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இரு. டாக்டரை மறுபடியும் கூப்பிட்டு உட்கார வை.

வேணும்னு செய்யலை, மறந்துடுங்க என்று இனிமேல் அவரிடம் சொல்லாதே. ஒருவரையும் சொல்ல விடாதே. பெரியவள் சண்டை போட வருகிறாள், அதற்குள் எங்கேயும் போய்விடக்கூடாது என்று மட்டும் சொல்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்த அன்றைக்கே இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பா முன்னறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நூல் எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கலர் கலராகச் சிக்கல் போட்டு வைக்கிறார். கஞ்சியில் உப்பு போதவில்லையாம், விசிறி ஓடவில்லையாம், என் தையல் கோணலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வாய் ஓய்வதில்லை. எப்போதடா வாயைத் திறப்பார் என்று தவித்தவள், இப்போது எப்போதடா மூடுவார் என்று பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு வந்ததும் வராததுமாகக் கைப்பையைக்கூட வைக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயே, அவரிடம் என்ன சொன்னாய்? நான் வெளியே நின்றேன். உன் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது, வார்த்தைதான் ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், சாகக் கெடக்குற மனுஷனை இப்படியா?" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. கதவை உடைத்து உன்னை இழுத்து வரலாமா என்று நினைத்தேன். பிறகு சத்தமே இல்லை. அப்புறம் நீ கதவைத் திறந்து ஆட்டோ கூப்பிடச் சொன்னாய். எங்கள் ஒருவருக்கும் மசியாதவர், உன் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவரைக் கேட்டால், "அது எனக்கும் பெரியவளுக்கும்" என்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, இந்த வயசிலும்.

பின்


ஜூன் 26

தங்கச்சி,

மறைக்க ஒன்றுமில்லை. திட்டினேன்.

அம்மா போன நாளிலிருந்து அவரிடம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்த அத்தனையையும் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது, ஐயோ, உயிர் ஊசலாடுகிறதே, சமாதானமாகப் பேசிவிடலாம் என்றுதான் வந்தேன். அந்தக் கட்டிலில் அவரைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "அவ தண்ணி கேட்டாளே, குடுத்திருக்கக் கூடாதா? ஊர் சிரிச்சா என்ன? ஒரு ஆளை அனுப்பியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா? சின்னவளுக்குக் கொல்லைக் கதவு திறந்தது, அம்மாவுக்குத் திறக்கலையா? எங்கம்மாவைக் கொன்னுட்டீங்களேப்பா!" என்று கத்தினேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். சாகக் கிடக்கிற மனுஷனை இப்படியா என்று கேட்டவள் கேட்டதில் தப்பில்லை.

அவர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. நீங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நானோ பேச்சையே நிறுத்திவிட்டேன். அவர் செய்ததை அவர் முகத்துக்கு நேராக ஒருவரும் சொன்னதில்லை.

கத்தி ஓய்ந்து அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஈனக்குரலில், "அவ்வளவுதானா? இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்ப்பா" என்றேன்.

"தொண்டை காயுதும்மா. கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

முன்